பிஜிஎம்பி எடுக்கட்டோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, ஊரிலை இந்தியன் வீட்டுத்திட்டத்திலை வேலை செய்தனான், பிறகு தண்ணித் திட்டம், இப்ப ரொறன்ரோ வந்து கொஞ்ச நாள்தான், உடனை பிஜிஎம்பி எண்ட புரோகிராம் மனேச்மென்ற் சான்றிதழை எடுத்தால் பெரிய வேலை வருமோ, ஸ்காபரோவிலை எங்கை வீடு பாக்கலாம், விண்ரருக்கு என்ன ஜக்கெற் எண்டு ஒரே மூச்சிலை கேட்டிருக்கிறீர். வீடும் ஜக்கெற்றும் உம்மடை சொந்தக்காரர் ஆயிரம் பேர் சொல்லுவினம், அதுக்கு நான் வேண்டாம். பிஜிஎம்பிக்கு வாறன், அதிலை எங்கடை ஆக்கள் காசைக் கொண்டுபோய்க் கொட்டுறதைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு.

புரொஜெக்ற் மனேச்மென்ற்றுக்குக் குடுக்கிற பிஎம்பி சான்றிதழ் வேறை, பிஜிஎம்பி வேறை. ஒரு ஊரிலை ஐம்பது வீட்டைக் கட்டி முடிச்சு சாவி குடுக்கிறது புரொஜெக்ற். வீடு, கிணறு, ரோட்டு, அந்தச் சனத்தின்ரை தொழில் எண்டு தனித்தனி ஆக்கள் நடத்திற கன புரொஜெக்ற்றை ஒண்டாப் பிடிச்சு, கடைசியிலை சனம் திரும்பி வந்து அங்கை குடியிருந்ததோ எண்டு பாக்கிறதுதான் புரோகிராம். நீர் இதிலை எதைச் செய்தனீர், உண்மையா யோசியும். டிகிரி இருந்தால், இந்த ரெண்டு சான்றிதழையும் குடுக்கிற நிறுவனமான பிஎம்ஐ கேக்கிறது 48 மாசம் புரொஜெக்ற் அனுபவம், அதுக்கு மேலை 48 மாசம் புரோகிராம் அனுபவம், டிகிரி இல்லாட்டி அந்தப் புரோகிராம் அனுபவம் 84 மாசம். ஒரே மாசத்திலை ரெண்டு வேலை பாத்தாலும் கணக்கு ஒரு மாசம்தான். அதோடை எல்லாம் கடைசி 15 வருசத்துக்குள்ளை இருக்கவேணும், ஊரிலையிருந்து வாறவை கவனிக்காமல் விடுறது இதைத்தான். சண்டை முடிஞ்ச கையோடை ஓடி ஓடிச் செய்த வேலையெல்லாம் இப்பிடித்தான் மாசம் மாசமாக் கணக்கிலையிருந்து கழண்டு போகுது.

சோதினை 170 கேள்வி, நாலு மணித்தியாலம், அதிலை 20 கேள்விக்குப் புள்ளியே இல்லை, எந்த 20 எண்டு சொல்லவும் மாட்டினம். எங்கடை ஆக்களுக்குச் சோதினை ஒரு விசயமே, ஐஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்பிலையிருந்து அதுதானே பிழைப்பு. வில்லங்கம் அதுக்கு முன்னாலை இருக்கு. நீர் நடத்தின புரோகிராமைப் பற்றி எழுதிக் குடுக்கவேணும், இதே வேலை செய்யிற ஆக்கள் குழுவா இருந்து அதை வாசிச்சுப் போட்டுத்தான் சோதினைக்கே விடுவினம். மேற்பார்வை செய்தனான், கூட்டம் வைச்சனான் எண்டு எழுதினால் சரிவராது. ரெண்டு புரொஜெக்ற் ஒண்டோடை ஒண்டு முட்டேக்கை எதை நிப்பாட்டினீர், ஏன் நிப்பாட்டினீர், ஆர் கோவிச்சவை, அவையை எப்பிடிச் சமாளிச்சீர், அது வரவேணும். இஞ்சை சிலபேர் "நாங்கள் எழுதித் தாறம், பாஸ் நிச்சயம்" எண்டு திரியினம், ஒரே கதையைப் பேர் மாத்தி மாத்தி விக்கிறவை, அவையிட்டை மட்டும் போகாதையும்.

காசும் சும்மா இல்லை, நான் கட்டேக்கை பிஎம்ஐ மெம்பருக்கே 800 அமெரிக்கன் டொலர், எடுத்தாப் பிறகும் மூண்டு வருசத்துக்கொருக்கா 60 பிடியூ, அதாவது தொடர்ந்து படிச்சதுக்கான புள்ளி, காட்டவேணும். என்னைக் கேட்டால் முதல் பிஎம்பியை எடும், ஒரு வேலைக்குள்ளை காலை வையும், புரோகிராம் பக்கம் பிறகு வரலாம். பிஎம்பி இருந்தால்தான் பிஜிஎம்பி எண்டு சட்டம் ஒண்டும் இல்லை, ஆனா இஞ்சை கன எச்ஆர் காரர் பிஜிஎம்பி எண்டதைப் பாத்தால் பிஎம்பியைப் பிழையா அடிச்சிட்டுது பிள்ளை எண்டுதான் நினைப்பினம். கலியாணக் கார்ட்டிலை பேருக்குப் பின்னாலை போடத்தான் எடுக்கிறதெண்டால் அது வேறை கதை, அப்பிடியும் ஆக்கள் இருக்கினம்.

நான் வந்த நேரம் எங்கை போனாலும் "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ" எண்டுதான் கேள்வி, ஊரிலை எனக்குக் கீழை வேலை செய்த ஆக்களை எண்ணிக்கொண்டு இரவிலை பெட்டி அடுக்கினனான். இப்ப 2026 ஜனவரியிலையிருந்து ஒன்ராறியோவிலை 25 பேரோ அதுக்கு மேலையோ வேலை செய்யிற இடங்கள் அதை வேலை விளம்பரத்திலை கேக்கேலாது எண்டு சட்டம். விளம்பரத்திலை போடாட்டில் மனதுக்குள்ளை இல்லையோ? அதை விடுவம்.

எனக்குப் பிஎம்பி விண்ணப்பம் ஓடிற்றிலை விழுந்தது, அதாவது எழுதின அனுபவம் உண்மையோ எண்டு பிஎம்ஐ அத்தாட்சி கேட்டது. அந்தக் காலத்திலை பழைய மேலதிகாரி படிவத்திலை கையெழுத்து வைச்சு, கவருக்குள்ளை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலையும் ஒரு கையெழுத்து வைக்கவேணும். என்ரை சேர் பென்சன் எடுத்துக் கொக்குவிலிலை இருந்தவர். அத்தான் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலை ஒரு கொமினிகேஷன் கடையிலை படிவத்தைப் பிறின்ற் எடுத்துக்கொண்டு மோட்டச்சைக்கிளிலை போனால், மனுசன் இது பாங்க் கடனுக்குப் பிணையோ எண்டு கேட்டுத் தொடவே மாட்டன் எண்டிட்டார். நான் இஞ்சையிருந்து போனிலை கெஞ்சினாப் பிறகு கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியா வாசிச்சு, "இதிலை திகதி பிழை, நீ சித்திரையிலை இல்லை, வைகாசியிலைதான் வந்தனி" எண்டு தன்ரை பழைய டயறியை எடுத்துக் காட்டியிருக்கிறார். அத்தான் திரும்பவும் கஸ்தூரியார் வீதிக்குப் போய் திகதி மாத்தின படிவம் எடுத்துக்கொண்டு வந்தாப் பிறகுதான் கையெழுத்து.

இப்ப கவர் ஒண்டும் இல்லை, எல்லாம் ஈமெயிலிலை முடியும். ஆனா ஈமெயிலுக்குப் பதில் போட ஒரு ஆள் வேணுமெல்லே. வீட்டுத்திட்டம் முடிஞ்சு அந்த ஒபிஸ் பூட்டியாச்சு, உம்மடை மனேசர் இப்ப ஒஸ்ரேலியாவிலையோ வவுனியாவிலையோ ஆருக்குத் தெரியும். இண்டைக்கே வட்ஸப்பிலை அவரைத் தேடிப் பிடிச்சு, எந்த மாசத்திலையிருந்து எந்த மாசம் வரை என்ன செய்தனீர் எண்டதை அவரோடை சரிபாத்து எழுதி வையும், விண்ணப்பம் எப்பவும் போடலாம்.