வயலில் ஓடும் லாண்ட் மாஸ்டருக்குப் பதிவு வேண்டுமா?

தம்பி, கிளிநொச்சியில் வயலுக்குள் மட்டும் ஓடும் லாண்ட் மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பதிவும் காப்புறுதியும் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை ஆலைக்கு எதில் ஏற்றுவீர்கள்? ஏ9 வீதியைக் குறுக்கே கடக்கும் அந்தச் சில நொடிகளிலும் அது வீதி வாகனம்தான். இருட்டில், பின்விளக்கு இல்லாத இழுவைப் பெட்டியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மோதினால், காப்புறுதி இல்லாதபோது இழப்பீட்டுக்குக் காணியை விற்க நேரும். மோதியவரின் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள்.

வீதியில் இறங்கும் வாகனத்துக்கு, மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஈடு தரும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல், ஆண்டுதோறும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. உங்கள் இயந்திரத்தின் சேதத்துக்கு அது ஈடு தராது, என்றாலும் எடுங்கள். இழுவைப் பெட்டிக்குத் தனிப் பதிவு உண்டு. வாங்கியது பழைய இயந்திரமென்றால், எஞ்சின், சேசிஸ் இலக்கங்களைப் பதிவு ஆவணத்துடன் முதலில் ஒப்பிட்டுவிடுங்கள்.