மெட்டல் வால்வா டிஷ்யூ வால்வான்னு டாக்டர் நம்மகிட்டயே கேட்டா என்ன சொல்றது?

வயசு 59, இதயத்துலருந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல இருக்குற அயோர்ட்டிக் வால்வு சுருங்கிருச்சு, மாத்தணும், எந்த வால்வு வேணும்னு டாக்டர் என்கிட்டயே கேக்குறாரே, அவர்தானே முடிவு பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. எங்கப்பாவும் இதையேதான் கேட்டாரு, அதனால எழுதுறேன்.

அவர் உங்கள கைகழுவி விடல. பொதுவா வயசு 50க்கு கீழன்னா மெட்டல், 65க்கு மேலன்னா டிஷ்யூ, அதாவது மாடு, பன்னி திசுல செஞ்ச வால்வுன்னு சொல்வாங்க, நடுவுல இருக்கவங்களுக்கு பல சமயம் ரெண்டுமே சரிதான், அப்போ நீங்க தினமும் எப்படி இருக்கீங்கங்கறதுதான் முக்கியம், அது எக்கோ ரிப்போர்ட்ல வராது.

அப்பாவுக்கு முதல்ல பாத்த இடத்துல அஞ்சே நிமிஷம், மெட்டல் போட்டுடலாம் கையெழுத்து போடுங்கன்னுட்டாங்க. மனசு ஒப்பாம இன்னொரு டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க முதல்ல கேட்டது என்ன வேலை பாக்குறீங்க, ராத்திரி நல்லா தூங்குவீங்களான்னு. அப்புறம் டிராயர்ல இருந்து ஒரு மெட்டல் வால்வ எடுத்து அப்பா உள்ளங்கைல வச்சாங்க. மெட்டல்னு பேருதான், உள்ள இருக்குற ரெண்டு இதழும் கார்பன். லேசா ஆட்டினா டிக் டிக்னுது. "இது வெளிய கேக்குமா டாக்டர்?" "அமைதியா இருக்கும்போது சிலருக்கு கேக்கும்"னாங்க. அப்பா அத காதுகிட்ட வச்சு ஆட்டிக்கிட்டே இருந்தாரு, ரொம்ப நேரம்.

மெட்டல் பெரும்பாலும் ஆயுசுக்கும் வரும், ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் வார்ஃபரின் போடணும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட்ட விடவே கூடாது, அடிபட்டா ரத்தம் சட்டுனு நிக்காது, வார்ஃபரினுக்கு பதிலா புதுசா வந்திருக்குற மாத்திரைங்க மெட்டல் வால்வுக்கு ஆகாது. டிஷ்யூல அந்த தொல்லை கம்மி, ஆனா 10-15 வருஷத்துல தேய ஆரம்பிக்கலாம், அப்போ மறுபடி ஆபரேஷன், இல்லன்னா சிலருக்கு தொடை ரத்தக்குழாய் வழியாவே பழைய வால்வுக்குள்ள புதுசு வைப்பாங்க. உங்களுக்கு அது பின்னாடி முடியுமான்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, இத நிறைய பேர் கேக்காம விட்டுடுறாங்க.

அப்பா எலக்ட்ரீஷியன், நாள் பூரா ஏணி மேல, கைல எப்பவும் ஒரு வெட்டுக்காயம் இருக்கும். நானும் அம்மாவும் மெட்டல்தான்னு ஒத்தக்கால்ல நின்னோம், இன்னொரு தடவ நெஞ்ச திறக்கறதான்னு பயம். அவரு டிஷ்யூன்னாரு. தெரிஞ்சே சொன்னாரு, அதுக்கப்புறம் நாங்க எதிர்த்து பேசல.

உங்க வேலை, தூக்கம், மாத்திரை மறக்குற பழக்கம், எதுக்கு பயப்படுறீங்க, எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க, வீட்டுல ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க. ஆனா யோசிக்கிறேன்னு மாசக்கணக்கா தள்ளாதீங்க, நடந்தா மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, மயக்கம் வருதுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.