நகராட்சிக்குப் போன பணமா, வங்கி எடுத்த பணமா?

கேள்வி: நான் குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஏப்ரல் மாத வங்கிக் கணக்கு அறிக்கையில் 2,698 ரூபாய், 600 ரூபாய், 17 ரூபாய் 70 காசு என மூன்று பற்றுகள் உள்ளன. நகராட்சி இணையதளம் காட்டிய அரையாண்டுச் சொத்து வரி 2,840 ரூபாய். மகன் தன் கைபேசியில், என் கணக்கிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கட்டினான். அறிக்கையில் எந்த இடத்திலும் நகராட்சி என்ற பெயரே இல்லை. இவற்றில் எது வரி? மீதி 142 ரூபாய்க்குப் பின்னால் வட்டியோடு அறிவிப்பு வருமா?

பதில்: வராது, அம்மா. தமிழ்நாட்டு நகராட்சிகளில் சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கப்படுகிறது. முதல் அரையாண்டு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இரண்டாவது அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஒவ்வோர் அரையாண்டும் தொடங்கி முப்பது நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் மாதத்துக்குள் அல்லது அக்டோபர் மாதத்துக்குள், அந்த அரையாண்டின் வரியைச் செலுத்துபவருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு; அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். 2,840 ரூபாயில் 5 விழுக்காடு என்பது 142 ரூபாய். அதைக் கழித்தால் உங்கள் அறிக்கையில் உள்ள 2,698 ரூபாய் காசு பிசகாமல் வருகிறது. ஆகவே அதுவே சொத்து வரி. பாக்கி எதுவும் இல்லை. பழைய பாக்கியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் கணக்கு இவ்வளவு எளிதாக இராது. காலம் கடந்த தொகைக்கு மாதம் 1 விழுக்காடு தனிவட்டி சேரும். ஊக்கத்தொகையோ நடப்பு அரையாண்டின் வரிக்கு மட்டுமே கிடைக்கும்.

நகராட்சியின் பெயர் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி அறிக்கையில் உள்ள விவர வரி, பணம் எந்த வழியாக வெளியேறியது என்பதைத்தான் சொல்லும். எதற்காக வெளியேறியது என்பதைச் சொல்லும் கடமை அதற்கு இல்லை. இணையதளத்தில் கட்டும்போது உங்கள் பணம் நேராக நகராட்சிக் கணக்கில் விழுவதில்லை. இடையில் ஒரு பணப்பரிமாற்ற நிறுவனம் அதைப் பெற்று, பிறகு நகராட்சிக்குச் சேர்ப்பிக்கிறது. அதனால் அறிக்கையில் பெரும்பாலும் அந்த இடைநிறுவனத்தின் பெயரோ அதன் சுருக்கமோதான் அச்சாகும். யு.பி.ஐ. வழியாகக் கட்டியிருந்தால் அந்த வரியில் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் ஒன்று இருக்கும். பெயர்களை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகனின் கைபேசியில் உள்ள பரிவர்த்தனை வரலாற்றில் அதே எண், கட்டிய நேரத்தோடும் தொகையோடும் இருக்கும். நகராட்சி ரசீதில் உங்கள் வரிவிதிப்பு எண், எந்த அரையாண்டு, எவ்வளவு தொகை ஆகியவை இருக்கும். இவ்விரண்டையும் வங்கி அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். ரசீதை அப்போது எடுக்காமல் விட்டிருந்தாலும், அதே இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்து மீண்டும் எடுக்கலாம்.

600 ரூபாய் பெரும்பாலும் குடிநீர்க் கட்டணமாக இருக்க வேண்டும். சொத்து வரிக்கு ஒரு வரிவிதிப்பு எண் இருப்பதுபோலக் குடிநீர் இணைப்புக்குத் தனி எண் உண்டு; அவை தனித்தனியாகவே கட்டப்படுகின்றன, தனித்தனி ரசீதாகவே வருகின்றன. குப்பை வரி என்று நாம் சொல்லும் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணமும் இன்னொரு தலைப்பு. மகன் ஒரே மாலையில் இரண்டு தலைப்புகளுக்குக் கட்டியிருக்கலாம்; குடிநீர் இணைப்பு எண்ணில் ரசீது எடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். கோடையில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஊரில் குடிநீர்க் கட்டணம் கட்டுவது சற்று கசப்பான வேலைதான். ஆனால் அந்த மனக்குறையை வார்டு உறுப்பினரிடமும் நகராட்சி ஆணையரிடமும்தான் வைக்க வேண்டும். வங்கியில் வைத்துப் பயனில்லை.

17 ரூபாய் 70 காசுக்கும் நகராட்சிக்கும் தொடர்பே இல்லை. அது உங்கள் வங்கி குறுஞ்செய்திக்காக எடுத்த காலாண்டுக் கட்டணமாகத் தெரிகிறது: 15 ரூபாயும், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த தொகை. காசுகளோடு முடியும் சிறு தொகையைக் கண்டால் முதலில் வங்கியின் சொந்தக் கட்டணம் என்று சந்தேகியுங்கள், அதை 1.18 ஆல் வகுத்து முழு ரூபாய் கிடைத்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். இதேபோல மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பற்றாவதைப் பார்த்து, நகராட்சி ஏதோ புதிய வரி போட்டுவிட்டது என்று எழுதும் வாசகர்கள் பலர். அவை பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீட்டுத் திட்டங்களின் ஆண்டுப் பிரீமியங்கள். என்றோ ஒரு நாள் வங்கியில் கையெழுத்திட்ட படிவத்தின் பேரில் ஆண்டுதோறும் தானாக எடுக்கப்படுகின்றன. வேண்டாமென்றால் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். நிறுத்தும் முன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: உதகையில் எங்கள் வீட்டுக்கான வரியைக் கைபேசியில் கட்டியபோது மழையில் சிக்னல் போய்விட்டது. கணக்கில் பணம் கழிந்தது; ரசீது வரவில்லை. பயந்துபோய் அரை மணி நேரத்தில் மறுபடியும் கட்டினேன். இப்போது அறிக்கையில் ஒரே தொகை இரண்டு முறை இருக்கிறது. வங்கியில் கேட்டால் நகராட்சியைக் கேளுங்கள் என்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள்.

பதில்: இருவரும் ஒரு வகையில் சரியாகத்தான் சொல்கிறார்கள், யாரிடம் போவது என்பது முதல் தொகை இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்து நகராட்சியின் இணையப் பக்கத்தில் செலுத்திய விவரத்தைப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு வரவு இருந்தால் முதல் தொகை நகராட்சியைச் சேரவில்லை என்று பொருள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளர் கணக்கில் பற்றாகி, பணம் பெற வேண்டியவருக்கு உறுதிச் செய்தி போகாத யு.பி.ஐ. பரிவர்த்தனையை, அந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்; அதை நீங்கள் கேட்டுப் பெற வேண்டும் என்றுகூட இல்லை. எனவே அறிக்கையை ஏப்ரல் மாதத்தோடு நிறுத்திவிடாமல் அடுத்த பத்து நாட்களுக்கும் எடுத்துப் பாருங்கள். திரும்பி வந்த தொகை வரவு நெடுவரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

வரவில்லையென்றால் வங்கிக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். பன்னிரண்டு இலக்க எண், தேதி, தொகை மூன்றும் அதில் இருக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை. அதற்குச் சென்னைக்கு ஏறி இறங்க வேண்டியதும் இல்லை.

நகராட்சிப் பக்கத்தில் இரண்டு வரவுகளும் இருந்தால் நிலைமை வேறு. அப்போது பணம் வங்கியிடம் இல்லை. இரு ரசீதுகளையும் வங்கி அறிக்கையின் நகலையும் இணைத்து, மிகுதித் தொகையை அடுத்த அரையாண்டுக்கு நகராட்சி கேட்கும் வரியில் சரிக்கட்டும்படி ஆணையருக்கு மனு எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பணமாகத் திரும்பப் பெறுவதைவிட இவ்வாறு சரிக்கட்டச் சொல்வதே அலைச்சல் குறைந்த வழி என்பது என் கருத்து. ஒன்று மட்டும்: இனி ரசீது வராத நாளில் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். கடைசித் தேதி நெருங்கிவிடும் அச்சத்தில்தான் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள். முப்பதாம் தேதி இரவு வரை காத்திராமல் மாதத்தின் நடுவிலேயே கட்டிவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

கேள்வி: குன்னூர் நகரிலுள்ள என் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்த ஆண்டு சொத்து வரியை வாடகைதாரரே தம் கணக்கிலிருந்து கட்டி, அறிக்கையின் நகலையும் எனக்கு அனுப்பினார். வருமான வரியில் அதை நான் கழிக்கலாமா?

பதில்: வாடகை வருமானத்தைக் கணக்கிடும்போது உள்ளாட்சி வரியைக் கழிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு: அது அந்த ஆண்டில் உண்மையாகவே செலுத்தப்பட்டிருக்க வேண்டும், சுமை உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். வாடகைதாரர் தம் செலவில் கட்டியதை நீங்கள் கழிக்க முடியாது. வாடகையில் கழித்துக்கொள்ளும்படி நீங்கள் சொல்லியிருந்தால் சுமை உங்களுடையதே. ஆனால் அந்த ஏற்பாட்டை ஒரு கடிதமாகவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முழு வாடகையையும் வருமானமாகக் காட்டுங்கள். அவருடைய வங்கி அறிக்கை மட்டும் போதாது. உங்கள் பெயரிலும் வரிவிதிப்பு எண்ணிலும் உள்ள நகராட்சி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்களே குடியிருக்கும் வீடென்றால் இந்தக் கழிவுக்கே இடமில்லை.

கேள்வி: வெலிங்டனில் புதிதாகக் குடியேறியிருக்கிறோம். குன்னூர் நகராட்சிப் பக்கத்தில் எங்கள் வீட்டு எண்ணைத் தேடினால் கிடைக்கவில்லை.

பதில்: வீடு கன்டோன்மெண்ட் எனப்படும் படைத்துறைப் பகுதியின் எல்லைக்குள் இருந்தால் கிடைக்காது. அங்கே வரி வசூலிப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் உள்ள கன்டோன்மெண்ட் வாரியம். அதற்கு இ-சாவனி என்ற தனி இணையதளம் இருக்கிறது. அதேபோல ஊராட்சிக்கு உட்பட்ட ஹட்டிகளில், அதாவது படுகர் சிற்றூர்களில், இருப்பவர்களும் கிராம ஊராட்சிகளுக்கான தளத்தில்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கும் எங்களைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த என் மைத்துனரின் வங்கி அறிக்கையில், இ-பாஸ் கட்டணம் என்று 500 ரூபாய் பற்றாகியிருக்கிறது. இது உள்ளாட்சிக்குப் போகும் பணமா?

பதில்: இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த இ-பாஸ், அதாவது வெளியூர் வாகனங்களுக்கான நுழைவு அனுமதி, முற்றிலும் இலவசம். அரசு தளத்தில் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்கப்படுவதில்லை. உங்கள் மைத்துனர் வேறு ஏதோ போலித் தளத்தில் பணம் கட்டியிருக்கிறார். அவர் உடனே இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிய வேண்டும், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தத் தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். அவர் அறியாமல் இனி ஏதேனும் பற்றானால், வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வெளியார் செய்த மோசடிக்கு வாடிக்கையாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. ஆனால் இந்த 500 ரூபாயை அவரே தம் ரகசிய எண்ணை இட்டு அனுப்பியிருப்பதால், அந்த விதியைக் காட்டி இதைத் திரும்பப் பெறுவது கடினம்.