ஒரு யூரோ வேலை: உதவித்தொகையில் கழிக்கமாட்டார்கள்

வணக்கம். ஏழு ஆண்டாக உதவித்தொகையில் இருக்கிறீர்கள், இப்போது ஜெர்மனியின் வேலை, உதவித்தொகை அலுவலகமான ஜாப்சென்டர் உங்களை ஒரு தொண்டு நிறுவனச் சமையலறைக்கு ‘ஒரு யூரோ வேலை’க்கு (மணிக்கு ஓரிரு யூரோ மட்டும் தரும் பொதுநல வேலை) அனுப்புகிறது, அந்தப் பணத்தைக் கழித்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், கழிக்கமாட்டார்கள். அது சம்பளமே அல்ல. வேலைக்குப் போய்வரும் கூடுதல் செலவுக்கான ஈடு. காய்ச்சலில் படுத்த நாளுக்கு மட்டும் கிடைக்காது.

ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வயது 25ஐத் தாண்டியிருந்தால் ஜெர்மன் சமூகச் சட்டத்தின் 16i பிரிவைப் பற்றி (நீண்டகாலம் உதவித்தொகையில் இருப்போருக்கான மானிய வேலை) உங்கள் அதிகாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 2019 முதல் இருக்கிறது. ஐந்து ஆண்டு வரை முறையான வேலை ஒப்பந்தம், உண்மையான சம்பளம். வேலை தருபவருக்கு ஜாப்சென்டர் தரும் சம்பள மானியம் முதல் 2 ஆண்டு 100 சதவீதம், அப்புறம் ஆண்டுக்கு 10 சதவீதம் குறையும். அந்தச் சமையலறையிலேயே கேட்டுப் பாருங்கள். வேலையின்மைக் காப்பீடு மட்டும் இதில் சேராது.