ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆனதால் நோயாளிக்கு என்ன பயன்?

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ஐ.டி. பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பயன் நிச்சயம் உண்டு. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண் தருகிறார்கள். அதோடு இணைத்த ரிப்போர்ட்டை, நீங்கள் சம்மதித்தால் வேறு டாக்டரும் பார்க்கலாம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

என்னை உறுத்துவது மொழிதான். வெறும் வயிற்றில் வரச் சொல்லி நாங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய எஸ்.எம்.எஸ். புரியாமல், அல்சூர் பாட்டி ஒருவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு வந்து நின்றார். "போன்ல என்னமோ வந்துச்சுப்பா, படிச்சுச் சொல்ல பேரன் வீட்ல இல்ல" என்றார். மறுநாள் மறுபடியும் ஆட்டோ செலவு. தப்பு எங்களுடையது. இப்போது முதல் நாள் மாலையே தமிழிலோ கன்னடத்திலோ போன் செய்து சொல்ல ஆள் வைத்திருக்கிறோம். பதிவு செய்யும்போதே எந்த மொழி என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.