ஏழு பேர் வேலை செய்யும் கடைக்குத் தொழிற்சட்டம் பொருந்தாதா?

கேள்வி: மட்டக்களப்பு நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூன்று வருடமாக விற்பனையாளராக இருக்கிறேன். சம்பளம் 32,000 ரூபா. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் இரவு 7.30 வரை வேலை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். நியமனக் கடிதமும் இல்லை, ஈ.பி.எப்பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. ஏழு பேர் மட்டுமே உள்ள கடைக்கு இவையெல்லாம் தேவையில்லை என்கிறார் முதலாளி. சரியா? — களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: சரியல்ல. அவர் குறிப்பிடுவது 15 ஊழியர் என்ற எல்லையாக இருக்க வேண்டும். அது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்துக்கும், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல், ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாது வேலையிலிருந்து நிறுத்துவதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்கும் உரியது. உங்கள் பிரச்சினையை ஆளும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒரே ஓர் ஊழியர் உள்ள கடைக்கும் பொருந்தும்.

அச்சட்டப்படி, வேலையில் சேரும்போதே நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலமே வழமையான வேலை. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. நீங்கள் 60 மணித்தியாலம் உழைக்கிறீர்கள். மேலதிகமான 15 மணித்தியாலம், வாரத்துக்கு 12 என்ற மேலதிக வேலை உச்சவரம்பையே மீறுகிறது. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் மணித்தியாலத்துக்கு 200 ரூபா. அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 3,000 ரூபா உங்களுக்கு வராமல் போகிறது.

ஈ.பி.எப்புக்கு உங்கள் பங்கு 8 வீதம் (2,560 ரூபா), முதலாளியின் பங்கு 12 வீதம் (3,840 ரூபா); இதற்குப் புறம்பாக ஈ.டி.எப்புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) அவர் 3 வீதம் செலுத்த வேண்டும். “சம்பளத்தில் வெட்ட வேண்டாம்” என்று நீங்களே முன்னர் சொல்லியிருந்தாலும் அவருடைய கடப்பாடு நீங்காது. பிந்திய கொடுப்பனவுக்கு 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் சேரும்.

முதலில் வரவுப் பதிவின் படங்கள், சம்பளம் வைப்பிலிடப்பட்ட வங்கிக் கூற்று, உங்கள் கையெழுத்துள்ள பற்றுச்சீட்டுகள், முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டி, மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரதியொன்றில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். முறையிட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், ஊழியர் எண்ணிக்கை எதுவானாலும், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம். ஆகவே, “நானாகவே விலகுகிறேன்” என்ற கடிதம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.