வக்கீல் படிப்புக்கு எட்டு வருடக் கணக்கு

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய. ஆனால் கவலை ஒன்றுதான். குடும்பத்தில் இதுவரை யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை, பிளஸ் டூ படிக்கும் மகளோ வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், தையல் கடை வருமானத்தை நம்பி அனுப்பலாமா என்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து அனுப்பாதீர்கள். படிப்பு ஐந்து வருடம், அதன்மேல் சீனியரிடம் ஜூனியராக மூன்று வருடம். ஆக எட்டு. சட்டம் படித்த பிள்ளைகள் பாதியில் வேறு வேலைக்குப் போவது பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று வருடத்தில்தான்.

சீட் பற்றி உறவினர்கள் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, அவள் காமர்ஸ் படிப்பது தடையில்லை. கட்டணமும் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பல்கலைக்கழகமே சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம்., எல்எல்.பி. ஹானர்ஸ் இருக்கிறது. அங்கே கட்-ஆஃப் அதிகம், கட்டணமும் கூடுதல். இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கட்டும்.

திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டிசம்பரில் நடக்கும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். முழுக்க ஆங்கிலம், நீளமான பத்திகளை வேகமாகப் படிக்கத் தெரிந்தால்தான் தேறலாம். அங்கே படித்தால் பெரிய சட்ட நிறுவனங்கள் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கும், அது உண்மை. செலவு ஆண்டுக்கு லட்சங்களில் என்பதும் உண்மை. எழுதிப் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் கோச்சிங்குக்காகக் கடன் வாங்காதீர்கள். சொந்த மாவட்ட நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை என்றால், அதற்கு அரசு கல்லூரியே போதும்.

முதலில் பி.காம். முடிக்கட்டும், பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. பார்க்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மனம் மாறக்கூடிய பிள்ளைக்கு அது நல்ல யோசனை. முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கு ஒரு வருடம் வீண். அதேபோல், "வகுப்புக்கு வரவே வேண்டாம், டிகிரி வாங்கித் தருகிறோம்" என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி ஏஜெண்டுகள் வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். தபால் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

"அவ வாய்க்கு வக்கீல்தான் சரி" என்று உங்கள் அண்ணன் சொன்னாராம். வாய்க்கு வேலை கடைசியில்தான் வரும். முதல் சில வருடங்கள் முழுக்கக் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை: படிப்பது, எழுதுவது, மறுபடியும் படிப்பது. அவளுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். இதைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்து மரத்தைத் திருடிக்கொண்டு போகும் எண்ணத்தில் ஒருவன் அதை வெட்டிச் சாய்த்துவிட்டான். ஓர் அடிகூட நகர்த்தவில்லை. அதற்குள் பிடிபட்டுவிட்டான். திருட்டு நடந்ததா, இல்லையா? நடந்துவிட்டது என்கிறது சட்டம். வேரோடு நிற்கும்வரை மரம் அசையும் பொருள் இல்லை, அதனால் திருட்டுக்கு உட்படாது. வெட்டிய கணமே அது அசையும் பொருளாகிவிடுகிறது. அந்த எண்ணத்தோடு வெட்டிய செயலிலேயே திருட்டு முழுமையாகிவிடுகிறது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவில் இது உதாரணமாகவே இருக்கிறது. விடையைக் கேட்டதும் "ஓகோ" என்று எழுந்து போய்விட்டால் கொஞ்சம் யோசியுங்கள். "அப்படின்னா பாதி வெட்டும்போது பிடிச்சிருந்தா?" என்று திருப்பிக் கேட்டால் நம்பிச் சேர்க்கலாம்.

கல்லூரியில் முதல் வருடம் அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும். அரசியல் அறிவியல், பொருளாதாரம், ஆங்கிலம் என்று போகும். "இதுக்கா வந்தேன்?" என்று போன் செய்வாள். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வருடமே கைடு நோட்ஸை ஓரம் கட்டிவிட்டு பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத சட்டத்தின் மூல வாசகத்தைப் படிக்கும் பழக்கம் வந்துவிட வேண்டும். அதுவும் புதுப் பதிப்பு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக்கு 302 என்று சினிமாவில் கேட்ட எண் இப்போது 103. சீனியர் மாணவர்கள் பாதி விலைக்குத் தரும் பழைய புத்தகம் இந்தப் பாடத்துக்கு உதவாது.

தமிழ்வழியில் படித்தவள் என்று தயங்குகிறீர்கள். மாவட்ட, மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் தமிழ் தெரிந்த வக்கீலுக்குத்தான் பலம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதே தமிழில்தானே. ஆனால் உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், தீர்ப்புகளும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதைத் தவிர்க்க வழியில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வாரம் ஒரு தீர்ப்பு, தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மூன்றாம் வருடத்துக்குள் பயம் போய்விடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைவிட இது மேல் என்பது என் கட்சி.

சட்டக் கல்லூரி என்றாலே அடிதடி என்ற பயம் உங்கள் தலைமுறைக்கு 2008 நவம்பரில் சென்னைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் மோதிக்கொண்டதை டிவியில் பார்த்ததிலிருந்து வந்தது. அந்தக் கல்லூரி இப்போது அங்கே இல்லை. 1891-இல் தொடங்கிய கல்லூரி, நெடுங்காலம் உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்ததை 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்குமாகப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நஷ்டமும் இதில் உண்டு. முன்பு மாணவர்கள் வகுப்பு இடைவேளையில் கோர்ட் ஹாலுக்குள் நுழைந்து பெரிய வக்கீல்கள் வாதாடுவதைப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்போது கோர்ட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இன்டர்ன்ஷிப் முக்கியம். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் கட்டாயம். சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு, அது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. முதல் இன்டர்ன்ஷிப்பைச் சொந்த ஊர் விசாரணை நீதிமன்றத்தில், ஒரு நல்ல வக்கீலின் ஆபீஸில் செய்யட்டும். வக்கீலைவிட அங்குள்ள குமாஸ்தாவிடம் கற்க நிறைய உண்டு: மனு எப்படித் தாக்கலாகிறது, எதற்குத் திருப்பி அனுப்புவார்கள், வாய்தா ஏன் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. ஏதாவது ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் வாய்தாக்களை வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் கடைசிவரை தொடரச் சொல்லுங்கள்.

இனி அந்த மூன்று வருடம். பட்டம் வாங்கியதும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. சட்டப்படி கட்டணம் 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125, அதற்குமேல் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பிறகு, வக்கீலாகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்விகள், தமிழிலும் எழுதலாம், குறிப்பு எழுதாத பேர் ஆக்டை உள்ளே கொண்டுபோகலாம். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வருமானத்துக்கு. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. எல்லா ஆபீஸிலும் அது கைக்கு வருகிறது என்று சொல்ல மாட்டேன். பஸ் காசுக்கே கணக்குப் பார்க்கும் ஜூனியர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனவே அவள் கல்லூரியில் சேரும் மாதத்திலிருந்தே 2,500 ரூபாய் எடுத்து வையுங்கள். ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே ஒன்றரை லட்சம் சேரும். ஜூனியர் காலத்தில் மாதம் 6,000 வீதம் இரண்டு வருடத்துக்கு வரும். தனியார் கல்லூரிக்குக் கொட்டும் பணத்தைவிட இந்தப் பணம்தான் அவளை வக்கீலாக்கும்.

படித்து முடித்ததும் நீதிபதித் தேர்வு எழுதிவிடுவாள் என்று எழுதியிருந்தீர்கள். 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி பணிக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆக அந்த வழிக்கும் எட்டு வருடம்தான். வங்கிச் சட்ட அதிகாரி, கம்பெனி வேலை எல்லாம் உண்டு. அதை நான்காம் வருடத்தில் யோசித்தால் போதும்.

சிறிய ஊரிலிருந்து எங்கே போய்விட முடியும் என்கிறார்களாம். நீதிபதி ஆர். பானுமதியைச் சொல்லுங்கள். இரண்டு வயதில் பஸ் விபத்தில் தந்தையை இழந்தவர். நஷ்டஈடு கேட்டு அவருடைய அம்மா கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வந்தும் பணம் கைக்கு வரவில்லை என்று ஓய்வுபெறும்போது அவரே சொன்னார். 1981-இல் பதிவு செய்து திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தினார். 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதி, 2014-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி.

இப்போதைக்கு உங்கள் வேலை காகித வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவளுக்குத் தகுதி உண்டு. அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. படித்த பள்ளிகளிலிருந்து அதற்கான சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் பொங்கலுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.